ஆற்றுத் தண்ணீரில் பெரிய மீன்: 50 சென்ட் குளம் வெட்டி வளர்க்கும் முறை

“ஆறு பக்கத்துலயே ஓடுது, அப்புறம் என்னங்கண்ணா கவலை?” குளம் வெட்டப் போகிறேன் என்றதும் பத்துப் பேராவது என்னிடம் இப்படிக் கேட்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். போச்சம்பள்ளி வட்டாரத்தில் தென்னந்தோப்பு, தோப்பை ஒட்டித் தென்பெண்ணைத் தண்ணீர் வரும் வாய்க்கால். மடையைத் திறந்தால் குளம், மூடினால் மீன் என்று கணக்குப் போட்டேன். முதல் கோடையில் குளத்தில் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் தண்ணீர் நின்றது. வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு கரையை வெட்டி, குழாயைப் பிடுங்கி, எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். அப்படிக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆற்றுத் தண்ணீர்க் குளத்தின் அளவை ஆறு வரும் மாதங்களை வைத்துப் போடக் கூடாது, வராத மாதங்களை வைத்துப் போட வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே வாய்க்கால் பாசனம் உள்ளவர்களுக்கு ஆடி வாக்கில் முதல் போகத்துக்குத் தண்ணீர் வரும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்கும் சேர்ந்து புரட்டாசி முதல் கார்த்திகை வரை ஆறு தெம்பாக இருக்கும். பிறகு மெல்ல மெல்ல வற்றும். மாசி, பங்குனி, சித்திரையில் ஒரு சொட்டும் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் பக்கம் காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. கர்நாடகத்தில் மழை பெய்து அணைகள் நிரம்பினால் அவர்களுக்கு ஆனி, ஆடியிலேயே வெள்ளம் வந்துவிடும். ஆனால் அங்கே கரை உயரம், தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் வேண்டும்.

கோடையில் நம் பக்கம் நாளொன்றுக்கு 6 மி.மீ. வாக்கில் தண்ணீர் ஆவியாகும். 50 சென்ட் பரப்புக்கு அது தினமும் சுமார் 12,000 லிட்டர், மாதத்துக்கு 7 அங்குலம். மூன்று மாதத்தில் 21 அங்குலம் வெயிலுக்கே போய்விடும், மண் குடிப்பது தனி. பெரிய மீனுக்குக் கடைசி நாளிலும் 4 அடித் தண்ணீராவது மிச்சம் இருக்க வேண்டும். அதனால் ஆழமான பக்கம் 7 அடி, மேட்டுப் பக்கம் 5 அடி. இதைக் குறைக்காதீர்கள். 5 அடி போதும் என்று எனக்குச் சொன்னவர் குஞ்சு விற்பவர், அவருக்கு மீன் அரைக் கிலோ ஆனாலே போதும்.

தண்ணீர்ப் பரப்பு 200 அடிக்கு 109 அடி என்றால் 50 சென்ட். கரையெல்லாம் சேர்த்து 80 சென்ட் இடம் பிடிக்கும். சரிவைக் கழித்தால் கொள்ளளவு சுமார் 30 லட்சம் லிட்டர். நிமிடத்துக்கு 500 லிட்டர் தள்ளும் மோட்டார் இருந்தால் 100 மணி நேரம் ஓட வேண்டும். வாய்க்காலில் முறை வைத்து விடும் தண்ணீரில் உங்களுக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று இப்போதே கணக்குப் பாருங்கள்.

அனுமதி

பட்டா நிலமாக இருக்க வேண்டும். ஆற்றில் நேராகக் குழாய் போடுவதென்றால் நீர்வளத் துறையில் எழுதிக் கேட்காமல் தொடாதீர்கள். வாய்க்கால் தண்ணீர் என்றால் உங்கள் முறையில் வருவதை மட்டும் எடுங்கள், கடைமடைக்காரர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு மீன் வளர்க்க முடியாது. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத யோஜனாவில் புதுக் குளத்துக்கு மானியம் கொடுத்துவந்தார்கள், பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதம். இப்போது என்ன நிலவரம் என்று மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில், மண்வெட்டியை எடுக்கும் முன்பே கேளுங்கள். வெட்டி முடித்த குளத்துக்கு மானியம் கேட்டு நடந்து செருப்புத் தேய்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

மண் சொல்வதைக் கேளுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பாதி நிலம் செம்மண்ணும் மொரம்பும்தான். மொரம்பு தண்ணீரைப் பிடித்து வைக்காது, சல்லடை மாதிரி விட்டுவிடும். நிலத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் 8 அடிக் குழி எடுத்துப் பாருங்கள். 4 அடியிலேயே பாறை தட்டினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், வெடி வைத்து மீன் குளம் வெட்டினால் கட்டுப்படியாகாது.

குழியின் அடிமண்ணை ஒரு கைப்பிடி எடுத்து நனைத்து உருண்டை பிடியுங்கள். தலைக்கு மேலே தூக்கிப் போட்டுப் பிடியுங்கள். உதிராமல் கைக்கு வந்தால் களி இருக்கிறது என்று பொருள். அடுத்து, 3 அடிக் குழியில் காலையில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். சாயந்திரம் இறங்கியிருக்கும், மறுபடி நிரப்பித் தென்னை ஓலையால் மூடுங்கள். மறுநாள் காலையில் பெரும்பகுதி நின்றால் வெட்டலாம். எங்கள் நிலத்தில் நான்கு குழியில் நின்றது, வடகிழக்கு மூலையில் மட்டும் காலையில் ஈரம்தான் இருந்தது. பார்த்தும் பார்க்காத மாதிரி வெட்டினேன். அந்த மூலைதான் இரண்டு வருடம் என் உயிரை எடுத்தது.

அப்படி ஒரு ஓட்டை மூலை இருந்தால் ஏரி வண்டல்தான் மருந்து. தாசில்தார் அனுமதி வாங்கினால் விவசாயிகள் இலவசமாக எடுக்கலாம். அரை அடிக் கனத்தில் பரப்பி, நனைத்து, மாட்டையோ டிராக்டரையோ விட்டு மிதிக்க வைத்து, அதன் மேல் இன்னொரு அரை அடி. பிளாஸ்டிக் விரிப்பு போடலாமே என்பார்கள். 500 மைக்ரான் விரிப்பு தண்ணீரைப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டுக் குளம்பு ஒன்று பட்டால் போச்சு. அடிச்சேற்றைக் கிளறித் தின்னும் மிர்காலுக்கும் அதில் வேலை இருக்காது. மண் கைவிட்ட இடத்தில் மட்டும் அதை யோசியுங்கள்.

வெட்டும் வேலை

மாசியில் தொடங்கி வைகாசிக்குள் முடியுங்கள். சுமார் 4 அடி வெட்டி, அந்த மண்ணிலேயே 5 அடிக் கரை. தண்ணீர் கரையில் 3 அடி ஏறும், மேலே 2 அடி வெறுமனே இருக்கும். அந்த 2 அடி வீண் என்று தோன்றும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. வெளித் தண்ணீர் ஒரு சொட்டு வராவிட்டாலும், குளத்தின் மேல் விழுந்தது மட்டும் 20 அங்குலம். கரையில் ஒன்றரை அடி விட்டவர்கள் அன்றைக்கு மீனை வயலில் பொறுக்கினார்கள்.

உள்சரிவு ஓர் அடி உயரத்துக்கு 2 அடி, வெளிச்சரிவு ஒன்றரை அடி. கரை மேல் அகலம் 6 அடி, ஒரு பக்கம் மட்டும் டிராக்டர் போக 10 அடி. ஜேசிபிக்காரர் மண்ணை அள்ளிக் கொட்டிக்கொண்டே போவார், மணிக்கணக்கில் காசு வாங்குகிறவருக்கு அதுதான் வசதி. விடாதீர்கள். அரை அடி கொட்டி, தண்ணீர் தெளித்து, வண்டியை மேலே ஓட்டி அழுத்தி, பிறகு அடுத்த அரை அடி. கரை நிற்கப்போகும் இடத்தில் புல்லையும் வேரையும் முதலில் சுரண்டி எடுத்துவிட வேண்டும். கரையின் நடுக்கோட்டில் 3 அடிப் பள்ளம் எடுத்துக் களிமண்ணை இட்டு மிதித்து, அதன் மேல்தான் கரை எழும்ப வேண்டும். பழைய ஏரிக்கரை கட்டியவர்களுக்குத் தெரிந்த வித்தை இது. எங்கள் பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டார்: “அடியில வேரோட கட்டுறியே, நண்டுக்கு வீடா கட்டுற?”

குளத்தின் அடி, மேட்டுப் பக்கத்திலிருந்து வடிகால் பக்கம் சரிய வேண்டும். வடிகால் வாய்க்கு முன்னால் 20 அடிக்கு 20 அடி, இன்னும் 2 அடி ஆழமாக ஒரு குழி. கோடையில் வெயில் ஏறினால் பெரிய மீன் எல்லாம் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும், பிடிக்கும்போதும் அங்கேதான் சேரும்.

தண்ணீர் வரும் வழி

வாய்க்காலிலிருந்து நேராகக் குளத்துக்கு விடாதீர்கள். நடுவில் 20 அடிக்கு 10 அடி, 4 அடி ஆழத்தில் ஒரு வண்டல் தொட்டி கட்டுங்கள். மணலும் சேறும் அதில் தங்கும். தொட்டி வாயில் கம்பித் தடுப்பு, அது பாட்டிலையும் வாழை மட்டையையும் நிறுத்தும். தொட்டியிலிருந்து குளத்துக்குப் போகும் 6 அங்குலக் குழாயின் முனையில் ஆளுயரத்துக்கு ஒரு நைலான் வலைப்பை, கொசுவலை மாதிரி நெருக்கமான கண்ணில், டியூபை வெட்டி இறுக்கிக் கட்டுங்கள். இந்தப் பைதான் விரால் குஞ்சையும் கெளுத்தியையும் ஜிலேபி மீனையும் தடுக்கும். ஜிலேபி நாலு உள்ளே வந்தால் போதும், ஆறு மாதத்தில் நானூறாகும். அப்புறம் நீங்கள் போடும் தீனி யார் வயிற்றுக்குப் போகிறது என்றே தெரியாது. வெள்ளக் காலத்தில் பை இரண்டு மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். காலையும் மாலையும் அவிழ்த்து உதறுவதற்குச் சோம்பல்பட்டால் இந்த வேலையே வேண்டாம்.

குழாய் முனை, நிறைந்த தண்ணீருக்கு ஓர் அடி மேலே நிற்க வேண்டும். கெண்டை இன மீன்களுக்குப் புதுத் தண்ணீர் என்றால் ஒரு கிறுக்கு. வரும் தண்ணீரை எதிர்த்து ஏறிப் போகும், குழாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் அந்த வழியே வாய்க்காலுக்குப் போய்விடும். மேலேயிருந்து விழும்போது தண்ணீர் காற்றையும் சேர்த்து இழுத்து வரும், அது இன்னொரு லாபம். மட்டம் பார்க்கக் கொத்தனாரின் டியூப் லெவலே போதும்.

முதல் வெள்ளத்தை எடுக்காதீர்கள். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோல நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள், அதே ஆறுதான் நமக்கும் வருகிறது. ஒரு வாரம் கழுவிக்கொண்டு போகட்டும். நுரை, சாக்கடை வாடை, வாய்க்காலில் செத்த மீன், இதில் எது கண்ணில் பட்டாலும் மடையை மூடுங்கள். ஐயம் இருந்தால் வண்டல் தொட்டியில் பத்து மீன் குஞ்சை ஒரு வலைக்கூடையில் ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

ஆழ்துளைக் கிணற்றைக் கோடைக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். தர்மபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். அடியிலிருந்து வரும் தண்ணீரில் காற்றும் குறைவு. கல் அடுக்கின் மேல் விழ வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். முழுக் குளத்தையும் அதில் நிரப்ப நினைக்காதீர்கள்.

தண்ணீர் போகும் வழி

இங்கேதான் எல்லோரும் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். நான் முதல் முறை வடிகாலே வைக்கவில்லை, மோட்டார் வைத்து இறைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடித்தண்ணீர் கெட்டு மீன் திணறியபோது மின்சாரம் இல்லை.

கரைக்கு அடியில், குளத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் 8 அங்குலக் குழாய். உள்முனையில் ஒரு எல்போ, அதாவது முழங்கை மாதிரி வளைந்த இணைப்பு, அதில் நிமிர்ந்து நிற்கும் ஒரு நிலைக்குழாய். அதன் உயரம்தான் குளத்தின் தண்ணீர் மட்டம். மிஞ்சிய தண்ணீர் அதன் வாய்க்குள் விழுந்து போய்விடும். எல்போவை ஒட்டாமல் கிரீஸ் தடவி இறுக்கமாகச் செருகி வைத்தால், நிமிர்ந்த குழாயைப் பக்கவாட்டில் சாய்க்கச் சாய்க்கத் தண்ணீர் இறங்கும், முழுக்கப் படுக்க வைத்தால் குளம் காலி. அந்தக் குழாய்க்கு மேலே, கொஞ்சம் பெரிய இன்னொரு குழாயைச் சட்டை போடுவதுபோல் மாட்டி, அதன் அடியில் மட்டும் வாள் வெட்டு வெட்டிவிடுங்கள். இப்போது வெளியேறுவது மேல் தண்ணீர் அல்ல, கழிவு தங்கும் அடித்தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் கையில் இருப்பதன் முழுப் பலன் இந்த ஒரு குழாயில்தான் இருக்கிறது. மேலே புதுத் தண்ணீர் விழ, கீழே பழையது தானாக வெளியேறும்.

குழாய் கரைக்குள் போகும் நீளத்தில் இரண்டு இடத்தில், சுற்றிலும் ஓர் அடிக்குக் கான்கிரீட் வளையம் போடுங்கள். வழுவழுப்பான பிவிசியை ஒட்டித் தண்ணீர் ஊர்ந்து வழி பிடிக்கும். முதலில் வெளிப்பக்கம் ஈரம் தெரியும், அடுத்து ஊசி மாதிரி ஒரு கசிவு. அது கலங்கி வர ஆரம்பித்தால் கரை உள்ளே அரிக்கிறது என்று பொருள். எனக்கு அது ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் தெரிந்தது, வெள்ளிக்கிழமை காலையில் கரையில் ஆள் நுழையும் பிளவு.

குழாய் தாங்காத மழைக்கு, கரையின் ஒரு மூலையில் ஓர் அடி தாழ்த்தி, கல் பதித்து, ஏரியில் மிஞ்சிய தண்ணீர் வழியக் கோடி இருப்பதுபோல 6 அடி அகலத்தில் ஒரு கோடி விடுங்கள். அதில் வலைச் சட்டம் நிற்கட்டும். வெளியேறும் தண்ணீர் நேராக ஆற்றுக்குப் போகாமல் தோப்புக்குப் பாயட்டும். தென்னைக்கு உரம், ஆற்றுக்கு வெளிமீன் போகாது.

மீன் விடும் முன்

புதுக் குளத்தில் சுண்ணாம்பு போடு என்று கண்ணை மூடிக்கொண்டு எல்லோரும் சொல்வார்கள். நம் பக்கம் சுக்காங்கல் தரை பல இடத்தில் ஏற்கெனவே காரம்தான். பிஎச், அதாவது அமில கார அளவு, பாருங்கள். 7-க்குப் பக்கத்தில் இருந்தால் 50 சென்ட்டுக்கு 50 கிலோ, 8-ஐத் தாண்டியிருந்தால் தேவையில்லை. பழைய குளத்தில் அடியில் குட்டை தேங்கியிருந்தால், அதில் காட்டு மீன் ஒளிந்திருக்கும். 100 கன மீட்டர் தண்ணீருக்கு 25 கிலோ இலுப்பைப் புண்ணாக்கை ஊற வைத்துத் தெளித்தால் எல்லாம் மிதக்கும். மூன்று வாரம் போனால் நஞ்சு முறிந்து அதுவே உரமாகிவிடும். அந்தத் தண்ணீரை மட்டும் வெளியே விடக் கூடாது.

பாதி நிரப்பி, 400 கிலோ பச்சைச் சாணியைக் கரைத்துவிட்டு பத்துப் பன்னிரண்டு நாள் காத்திருங்கள். தண்ணீர் பச்சை கட்டும். கையை நீட்டி முழங்கை வரை முக்குங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் சரியான பதம். விரல் நகம் வரை தெளிவாகத் தெரிந்தால் இன்னும் சாணி வேண்டும். மணிக்கட்டிலேயே மறைந்தால் சாணியை நிறுத்திப் புதுத் தண்ணீர் விடுங்கள்.

எந்த மீன், எத்தனை

கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில், புல்கெண்டை கரையோரம் பச்சையைத் தின்னும். நான் விடுவது 550: கட்லா 220, ரோகு 180, மிர்கால் 100, புல்கெண்டை 50. இதே குளத்தில் 2,000 விடச் சொல்வார்கள், அது ஒரே வருடத்தில் சிறிய மீனாகப் பிடித்துவிடும் கணக்கு. நமக்கு வேண்டியது மூன்று, நான்கு கிலோ மீன். தண்ணீரில் காற்றைக் கலக்கும் பொறி இல்லாத 50 சென்ட் குளம் ஒரு டன் மீனுக்கு மேல் தாங்காது என்று வைத்துக்கொண்டால், 3 கிலோ வீதம் முந்நூற்றுச் சொச்சம்தான். முதல் வருடம் பாதியைப் பிடித்து விற்று, மீதிக்கு இடம் விட வேண்டும்.

விரல் நீளக் குஞ்சு வாங்காதீர்கள். நெருக்கமாக வைத்து ஒரு வருடம் வளர விடாமல் நிறுத்திய 100 கிராம் குஞ்சு கிடைத்தால் விலை கூட என்றாலும் எடுங்கள், இடமும் தீனியும் கண்டதும் கிடுகிடுவென்று ஏறும். கிருஷ்ணகிரி அணையில் அரசு மீன் பண்ணை இருக்கிறது, பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை “சீக்கிரம் பெருக்கும்” என்று யாராவது தள்ளிவிடப் பார்ப்பார்கள். நாட்டிலேயே தடை செய்யப்பட்ட மீன் அது. ஒன்று தப்பி ஆற்றுக்குப் போனாலும் நாட்டு மீன் தலைமுறைக்கும் கேடு.

குஞ்சு வந்த பையை அவிழ்க்காமல் கால் மணி நேரம் குளத்தில் மிதக்க விடுங்கள். பிறகு குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, தானாக நீந்தி வெளியே வர விடுங்கள். காலை வெயில் ஏறும் முன் முடிந்துவிட வேண்டும்.

தினப்படி

தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு. 500 மீன், சராசரி 600 கிராம் என்றால் மொத்தம் 300 கிலோ, நாளைக்கு 6 கிலோ தீனி. சாக்கில் ஓட்டை போட்டு மூங்கிலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுங்கள். மீன் முட்டி முட்டித் தின்னும், வீணாகாது. மாலையில் சாக்கில் மிச்சம் இருந்தால் மறுநாள் குறையுங்கள்.

விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்குக் குளத்தைப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். மூன்று நாள் மூடாப்பாக இருந்து, காற்றும் இல்லாத விடியலில் கட்லா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். “ப்ளக், ப்ளக்” என்று குளம் முழுக்கச் சத்தம் கேட்கும். அழகாக இருக்கிறதே என்று நான் போனில் படம் எடுத்தேன். அது மூச்சுத் திணறல். காற்றுப் பற்றாக்குறை வந்தால் முதலில் போவது பெரிய மீன்தான், சிறுசு தாக்குப்பிடித்துவிடும். அன்றைக்குப் பதினாறு கட்லா போனது, ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல். அப்படித் தெரிந்தால் உடனே நிலைக்குழாயைச் சாய்த்து, மேலே புதுத் தண்ணீரை விழ விடுங்கள். வாய்க்காலில் இல்லையென்றால் மோட்டாரில் குளத்துத் தண்ணீரையே எடுத்துப் பீய்ச்சி அடியுங்கள். அன்றைக்குத் தீனியும் சாணியும் கிடையாது.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இன்னொன்று. மாமரம் பூக்கும் மார்கழி, தை, மாசியில் பக்கத்துத் தோப்பில் மருந்து அடிப்பார்கள். காற்று உங்கள் பக்கம் வீசினாலோ, மருந்துக் கலனை வாய்க்காலில் கழுவினாலோ மீன் தாங்காது. முன்கூட்டியே போய், “மாமா, அடிக்கிற நாளைக்கு ஒரு போன் போடுங்க” என்று சொல்லி வையுங்கள். அன்றைக்கு மடை மூடியிருக்கட்டும்.

நீர்க்காகத்துக்குக் குளத்தின் குறுக்கே நைலான் கயிறு கட்டுங்கள். காவிரி ஓரம் என்றால் நீர்நாய் வரும். அது சட்டப் பாதுகாப்பில் உள்ள விலங்கு, வேலி போட்டுத்தான் தடுக்க வேண்டும். இரண்டு கால் நீர்நாய்க்கு வேலிக்காத்தான் முள்ளை வெட்டி அங்கங்கே தண்ணீருக்குள் புதைத்து வையுங்கள், ராத்திரி வீசிய வலை கிழியாமல் திரும்பாது. எங்கே புதைத்தோம் என்று நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதி வைக்கவில்லை, என் வலைதான் முதலில் கிழிந்தது.

பிடிப்பது

முள்ளை எடுத்துவிட்டு, முந்தின நாள் தீனியை நிறுத்தி, நிலைக்குழாயைச் சாய்த்துத் தண்ணீரை இடுப்பளவுக்கு இறக்குங்கள். விடியலில், வெயில் வருவதற்கு முன், மேட்டுப் பக்கத்திலிருந்து குழியை நோக்கி இழுவலை. முதல் வருடம் ஒரு கிலோ தாண்டியதில் பாதியை எடுங்கள், ஆரோக்கியமான கட்லாவையும் ரோகுவையும் விட்டு வையுங்கள். வலையில் துள்ளும் பெரிய மீனை வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஈரச் சாக்கில் படுக்க வைத்து இரு கையாலும் ஏந்துங்கள். செதில் உதிர்ந்தால் அந்த இடத்தில் புண் பிடிக்கும். இரண்டாம் கோடை முடிவில் எங்கள் குளத்தில் ஒரு கட்லா நாலே முக்கால் கிலோ நின்றது. தராசில் வைக்க என் தம்பி மகன் அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவந்தான், அவன் சட்டையில் அந்த வாடை மூன்று துவைப்புக்கும் போகவில்லை.

மூன்று வருடத்துக்கு ஒரு முறை குளத்தை முழுக்க வடித்து, அடி வெடிக்கும் வரை காய விட்டு, தேங்கிய வண்டலை வழித்துத் தென்னைக்குப் போடுங்கள். அப்போதே எல்போவில் புது கிரீஸ் தடவி, நிலைக்குழாயை இரண்டு முறை சாய்த்து நிமிர்த்திப் பாருங்கள். சேற்றில் இறுகிப்போன எல்போவைத் தண்ணீர் நிரம்பிய பிறகு மூச்சை அடக்கி முங்கித் திருப்புவது பெரிய பாடு.